கூரை இறங்கிய வீடு

அண்ணியிடம் பாட்டுப் படித்த மூன்றாவது பெண்ணும் தேர்வில் தோற்றுவிட்டு வந்த அன்று அந்த வீட்டில் யாரும் அழவில்லை. அழவேண்டியவள் வாசலிலேயே அழுது முடித்துவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணி உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தாள். தோலைச் சீவினாள். தோல் தீர்ந்த பிறகு கிழங்கைச் சீவினாள். கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு வந்த பிறகும் கை நிற்கவில்லை.

"அண்ணி, நம்ம வீட்ல மனுஷங்க சாப்பிடணும். எலிக்கு விருந்து வைக்கலை," என்றாள் பல்லுக்காரி.

பல்லுக்காரி என்பது தெரு வைத்த பெயர். அண்ணனுக்குத் தங்கை, அண்ணிக்கு நாத்தனார், தொழில் பல் செட் செய்வது. ஊரிலுள்ள பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல் அடுக்கி, ராவித் தேய்த்து, யாரோ ஒருவருடைய சிரிப்பைப் பொட்டலம் கட்டித் திருப்பி அனுப்புவாள். வீட்டின் பின்னறைதான் பட்டறை. கணவன் என்று ஒருத்தன் இருந்தான். அவனுடைய சிரிப்பு அசல் இல்லை என்று தொழில்முறையில் கண்டுபிடித்த பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள்.

நாத்தனார் என்றால் சண்டை மூட்டுவாள் என்று உலகம் சொல்கிறது. இவளுக்குச் சண்டையில் ஆர்வமில்லை. ஒரு சண்டை எந்த இடத்தில் முளைத்தது, எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்வதில்தான் ஆர்வம். அது இன்னும் ஆபத்தான குணம் என்பது அண்ணன் கருத்து.

"மூணு பேர்," என்றாள் அண்ணி. "மூணு பேரும் ஒரே இடத்துல. இங்க பாடுறப்ப கூரையைத் தொட்டவங்கதான். ஹால்ல போயி நின்னா அங்க மட்டும் குரல் ரெண்டா பிளக்குது. இன்னைக்கு அந்த நடுவர் என்ன சொன்னாராம் தெரியுமா? 'உங்க டீச்சர் கடைசிப் படியைச் சொல்லிக்கொடுக்கவே இல்லையாம்மா?'ன்னு. அதையும் திட்டிச் சொல்லலை. பாவப்பட்டுச் சொன்னாராம்."

கூரை என்பது அந்த வீட்டு வார்த்தை. அண்ணி பாடுகிற சங்கீதத்தில் பெண்குரல்களில் எல்லாவற்றுக்கும் மேலே பறக்கிற குரலுக்கு சொப்ரானோ என்று பெயர். அந்தக் குரல் படிப்படியாக ஏறிப் போய்த் தொடுகிற ஆகக் கடைசி உச்ச ஸ்வரத்தை அண்ணி கூரை என்பாள். ஒரு காலத்தில் பெரிய மேடைகளில், மைக் இல்லாமல், முன்னால் ஒரு படையே வாத்தியம் வாசிக்க, கடைசி வரிசையில் தூங்குகிறவரின் காதைத் தொட்டு எழுப்பியவள் அவள். எல்லாமே பாட்டாக நடக்கிற ஒபரா நாடகங்களில் முதலில் கும்பலோடு கும்பலாகப் பாடினாள். பிறகு வேலைக்காரி வேஷத்தில் கதவைத் திறந்து ஒரு வரி. பிறகு கதாநாயகி. விஷம் குடித்தும், கத்திக்குத்து வாங்கியும், இருமி இருமியும் எத்தனையோ தடவை மேடையில் செத்திருக்கிறாள். சாகிற நேரத்தில்தான் குரல் உச்சத்துக்குப் போக வேண்டும் என்பது அந்த சங்கீதத்தின் விதி. மருத்துவ உலகம் இதை ஒப்புக்கொள்வதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், மேடையில் கூரையைத் தொடப் போனபோது குரல் உடைந்தது. சபை கை தட்டியது. அந்தக் கைதட்டல்தான் தாங்கமுடியவில்லை என்றாள். குரல் திரும்பட்டும் என்று மேடையை விட்டுவிட்டு வீட்டில் பாட்டு வகுப்பு ஆரம்பித்தாள். குரலும் திரும்பியது. தினமும் காலையில் பியானோ முன்னால் நின்று ஏறிப் போய்க் கூரையைத் தொடுவாள். தொட்ட நாளில் ரெண்டு முட்டை சாப்பிடுவாள். மேடைக்குக் கூப்பிட்டால் மட்டும், "இந்த வருஷம் பிள்ளைங்க நெறைய" என்று தட்டிக் கழித்துவிடுவாள்.

அன்று சாப்பாட்டு மேஜையில் அண்ணி தீர்ப்பைச் சொன்னாள்.

"அடுத்து பேக்கரிக்காரர் பொண்ணு. வர்ற சனிக்கிழமை. அவளும் விழுந்தா, தப்பு பிள்ளைங்க மேல இல்ல. என் மேல. வகுப்பை மூடிடுறேன். பியானோவை வித்துடலாம்."

அண்ணனின் கரண்டி சூப்புக்குள் விழுந்து மேஜை விரிப்பை நனைத்தது. அவன் தொழில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது. வீடு, பள்ளிக்கூடம், ஹோட்டல், ஹால் என்று ஊரில் எங்கே பியானோ இருந்தாலும் அதன் வயிற்றைத் திறந்து, முறுக்குச் சாவியால் ஆணிகளைத் திருகி, தளர்ந்த கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு வருவான்.

"பியானோவையா? அது வேண்டாம். விக்கிறதுன்னா யாராவது வந்து பாப்பாங்க."

"விக்கிறதுன்னா பாக்கத்தான் செய்வாங்க," என்றாள் பல்லுக்காரி. "கண்ணைக் கட்டிக்கிட்டா வாங்குவாங்க?"

"இல்ல... மழைக்காலம். ஈரத்துல மரம் உப்பியிருக்கும். அதைச் சொன்னேன்."

பல்லுக்காரி அந்த பதிலை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தாள். எங்கேயோ ஒரு பல் உயரமாக இடித்தது.

மறுநாளிலிருந்து விசாரணை. அவளுடைய முதல் சந்தேகம் பல்லின்மேல். வகுப்புக்கு வந்த பேக்கரிப் பெண்ணை வராந்தாவிலேயே மடக்கி வாயைத் திறக்கச் சொன்னாள். அந்தப் பெண் விடியுமுன் அப்பாவோடு மாவு பிசைந்துவிட்டு வருகிறவள். காதோரம் எப்போதும் மாவு இருக்கும்.

"பெரிசா திற. ம்ம். நல்ல வாய். ஒரு ஓட்டை கூட இல்லை. நீ பேக்கரியில எதுவும் சாப்பிடறதில்லையா?"

"தினமும் பாத்துப் பாத்து வெறுத்துப் போச்சுக்கா."

"பல் செட்காரி வயித்துல அடிக்கிற ஆளு. சரி, பயமா இருக்கா, தேர்வை நினைச்சா?"

"டீச்சரை நினைச்சாத்தான் பயமா இருக்கு. அவங்க இப்பல்லாம் திட்டவே மாட்டேங்குறாங்க."

பல்லில் குற்றமில்லை என்றானதும் பல்லுக்காரிக்கு மேற்கொண்டு எங்கே போவதென்று தெரியவில்லை. மழை விடாமல் பெய்தது. துணி காயவில்லை, பிளாஸ்டர் இறுகவில்லை. பின்னறையில் இரட்டைக் காலுள்ள ஒரு கம்பியால் பிளாஸ்டரைக் கலக்கிக்கொண்டே யோசித்தாள். அந்தக் கம்பி அண்ணன் கொடுத்தது. கலக்குவதற்கென்றே செய்த மாதிரி கைக்குப் பாந்தமாக இருக்கும்.

புதன்கிழமை மத்தியானம் அண்ணி உள்ளே பியானோவில் தேர்வுப் பாட்டின் முதல் அடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேக்கரிப் பெண் சீக்கிரமே வந்துவிட்டாள். குடையை மடக்கி வைத்துவிட்டு, வராந்தாவில் நின்றபடி அதே பாட்டை செல்போனில் போட்டாள். யாரோ ஒரு பெரிய பாடகியின் ஒலிப்பதிவு. பின்னறையிலிருந்த பல்லுக்காரிக்கு ரெண்டும் ஒன்றாகக் கேட்டன. ஒரே பாட்டு, ஒரே வேகம்; ஆனால் ஒரே குழாயடியில் ரெண்டு பூனை சண்டை போடுகிற மாதிரி இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

"உன் போன் கெட்டுப்போச்சா?"

"புதுசுக்கா."

"உள்ள கேக்குதுல்ல, அதே பாட்டுதானே? ஏன் ஒட்ட மாட்டேங்குது?"

அந்தப் பெண் காதைத் தீட்டினாள். முகம் சுருங்கியது. "போன்ல கொஞ்சம் மேல இருக்கு. டீச்சர் பியானோ கீழ இருக்கு." சொல்லிவிட்டு, சொல்லக்கூடாததைச் சொன்ன மாதிரி போனை அணைத்துவிட்டாள்.

பல்லுக்காரி பட்டறைக்குத் திரும்பினாள். வேலைக்குப் போயிருந்த அண்ணன் சாயங்காலம் நனைந்து வந்து சட்டை மாற்றியதும், "ஒரு பல் செட்டு பாக்கணும், வா," என்று பின்னறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, நம்ம வீட்டுப் பியானோ ஏன் கீழ இருக்கு?"

"தரையில வைக்காம பரண்லயா வைப்பாங்க?"

"சிரிக்காதே. சுருதி கீழ இருக்கு. ஊருக்கெல்லாம் சுருதி சேக்குறவன் வீட்ல."

அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தான். பல் டாக்டர் முன்னால் உட்காருகிறவர்கள் உட்காருகிற மாதிரி.

"அவ மேடையில குரல் உடைஞ்சு வந்தா இல்லையா," என்றான். "தினமும் காலையில நின்னு ஏறுவா. கடைசிப் படிக்கு முந்தின படியில நின்னு போயிடும். மூடியைச் சாத்திட்டு உள்ள போயிடுவா. சாப்பிடமாட்டா. நான் ஒரு நாள்... அவ கடைக்குப் போன நேரம், எல்லாக் கம்பியையும் ஒரு இழை இறக்கினேன். ஒரு இழைதான். மறுநாள் தொட்டுட்டா. தொட்டுட்டு என்னைப் பாத்தா பாரு ஒரு பார்வை! கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படிப் பாக்கலை."

"அப்புறம்?"

"அப்புறம் வயசு நிக்குமா? மறுபடி எட்டலை. மறுபடி ஒரு இழை."

"இப்படியே இழை இழையா..."

"ஒரு முழுப்படி இறங்கிடுச்சு."

வீட்டில் கூரைக்கு ஏறிப் பழகிய பெண்களுக்கு ஹாலில் இன்னும் ஒரு படி மிச்சம் இருந்திருக்கிறது. இருட்டில் மாடி ஏறுகிறவன் படி முடிந்தது என்று நினைத்துக் கால் வைக்கிற மாதிரி, மூன்று பேரும் அதே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

"சுருதி பாக்க அண்ணிகிட்ட ஒரு இசைக்கவை இருந்துச்சே? தட்டினா எப்பவும் ஒரே ஸ்வரம் குடுக்குமே. வீடு வெள்ளையடிச்சப்ப காணாமப் போச்சுன்னு தேடினாங்களே?"

அண்ணன் மேஜையைப் பார்த்தான். பிளாஸ்டர் கிண்ணத்தில் இரட்டைக் கால் கம்பி நட்டுக்கொண்டு நின்றது.

"அடப்பாவி! நாலு வருஷமா என்னை வச்சு சாட்சியைக் கலக்கியிருக்கே!"

"வீட்டுக்குள்ளயேதான் இருக்கட்டும்னு..."

"அவங்க குரலைக் காப்பாத்தறேன்னு அவங்க வகுப்பைக் குழி தோண்டிப் புதைச்சிருக்கே. இப்ப என்ன பண்ணப் போறே?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். அவனுக்குத் தாழ்த்திப் பழக்கம். "தேர்வு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை அந்த ஹால் பியானோவை நான்தான் பாக்கணும். அதையும் லேசா..."

"லேசா?"

"ஒரு படி..."

"அப்புறம் பக்கத்து ஊர் ஹாலு? அதுக்கப்புறம் ரேடியோ? உலகத்துல இருக்கற பியானோவை எல்லாம் இறக்கிட்டு வர்றதுக்கு உனக்கு ஆயுசு பத்துமா? மரியாதையா நம்ம வீட்டுதை ஏத்து. ஏத்திட்டு அண்ணிகிட்ட நீயே சொல்லு. இல்லேன்னா நான் சொல்வேன். நான் சொன்னா எப்படிச் சொல்வேன்னு உனக்குத் தெரியும்."

வியாழக்கிழமை காலை அண்ணி கடைக்குக் கிளம்பினதும் அண்ணன் பியானோவைத் திறந்தான். பல்லுக்காரி வாசலில் காவல். அவன் கம்பிகளுக்கிடையே கம்பளி நாடாவைச் செருகி, சாவியை ஆணியில் மாட்டி, ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டி, மணிக்கட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் தொய்ந்தது.

"ஒரே நாள்ல ஏத்தற வேலை இல்ல இது," என்றான். வியர்வை மூக்கு நுனியில் நின்றது. "பழைய கம்பி. இறங்கியே பழகிடுச்சு. அறுந்துடும்."

"இறக்கறப்ப யோசிச்சிருக்கணும்."

சொல்லி வாய் மூடவில்லை, துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். மேல் கட்டையின் கம்பி ஒன்று அறுந்து அண்ணனின் புறங்கையைக் கீறிவிட்டுச் சுருண்டது. அந்தச் சத்தத்தோடு வாசல் கதவும் திறந்தது. பர்ஸை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பிய அண்ணி, சொட்டுகிற குடையோடு நின்றாள்.

திறந்த பியானோவைப் பார்த்தாள். கணவன் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். நாத்தனார் வாசலை மறைத்துக்கொண்டு நின்ற லட்சணத்தையும் பார்த்தாள். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, நின்றபடியே கட்டைகளைத் தட்டிப் பாட ஆரம்பித்தாள். ஒவ்வொரு படியாக ஏறினாள். பல்லுக்காரிக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஒரு மனுஷி தன் வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாள் என்பது தெரிந்தது. கடைசிப் படியில் குரல் உடைந்தது. இரண்டாவது தடவை முயன்றாள். காற்று மட்டும் வந்தது.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

"முதல்லேருந்து," என்றான் அண்ணன். "மேடையில... அதுக்கப்புறம் வந்த மாசத்துலேருந்து."

"அண்ணி, உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?" பல்லுக்காரியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்கக்கூடாத நேரம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

அண்ணி அறுந்த கம்பியை விரலில் சுற்றினாள். "தெரியாதுன்னு சொன்னா பொய். தெரிஞ்சுக்கப் பிடிக்கலை. அடுத்தவங்க பாடினதை எதுக்கு நான் கேக்கறதே இல்ல, எதுக்கு மேடைப்பக்கமே போகலைன்னு என்னை நான் ஒரு நாளும் கேட்டுக்கிட்டதில்ல. இவர் இறக்கினாரு. நான் குனிஞ்சுக்கிட்டேன்."

பிறகு செல்போனை எடுத்தாள். தோற்ற மூன்று பெண்களையும் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள். "உன் தொண்டையில குறை இல்லம்மா. என் பியானோ ஒரு படி தாழ்ந்திருந்தது. ஏன்னா எனக்கு மேல எட்டலை. திரும்ப வா, சரியாச் சொல்லித்தர்றேன்." மூன்றாவது வீட்டில் முதலில் அம்மாக்காரி எடுத்ததால் அதை ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ரெண்டாவது தடவையும் ஒரு வார்த்தையைக் கூடக் குறைக்கவில்லை. அண்ணன் ரத்தம் கசிகிற கையைத் துணியில் சுற்றிக்கொண்டு சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டான். அவனைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

திட்டவில்லை. பேசவும் இல்லை. அறுந்த கம்பிக்கு மாற்றுக் கம்பி மாட்டி, பொழுது சாயும்வரை அவன் மற்ற கம்பிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் அண்ணி நாத்தனார் வழியாக நிர்வாகம் நடத்தினாள்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, ரொட்டி ஆறுதுன்னு."

"அண்ணே, ரொட்டி ஆறுதாம்."

"வர்றேன்னு சொல்லு."

"வர்றாராம் அண்ணி. இதுக்கு நான் தனியா சம்பளம் கேப்பேன்."

பேக்கரிப் பெண் அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் வந்தாள். புதிதாக ஏறியிருந்த படியில் அவளும் தடுக்கினாள். இத்தனை நாள் அந்த இடம் வந்தால் அண்ணி தானே பாடிக் காட்டிவிடுவாள். பிள்ளைகள் பார்த்துத் தொடுவார்கள். இப்போது பாடிக் காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. வாயைத் திறந்து, மூடி, முதல் தடவையாக யோசித்தாள்.

"நீ மாவு மூட்டை தூக்குவியா?"

"தினமும் தூக்குறேன் டீச்சர்."

"மூச்சை எப்ப பிடிப்ப? தூக்கறப்பவா?"

"தூக்கறப்ப பிடிச்சா இடுப்பு போயிடும். குனியறதுக்கு முன்னாடியே பிடிச்சிடணும்."

"அப்ப இங்க மட்டும் ஏன் கடைசிப் படிக்குப் போயி மூச்சைத் தேடறே? அது மூட்டை. ரெண்டு படிக்கு முன்னாடியே தூக்கிடு."

சுவரின் மறுபக்கம் பல்லுக்காரி ராவுகிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஒரு தடவை குரல் கூரையைத் தொட்டது. அடுத்த தடவை தொடவில்லை. பிறகு தொட்டது. பிறகு ரெண்டு தடவை இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் சாவிப்பையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குக் கிளம்பினான். கூடவே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்று பல்லுக்காரிக்கு இருந்தது. ஆனால் மறுநாள் நேர்காணலுக்குப் போகிற ஒருத்தருக்கு முன்பல் நாலும் அன்றைக்கே வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பல்லில்லாமல் யாருக்கு வேலை கொடுப்பார்கள்? அண்ணன் தனியாகப் போனான். இருட்டியபின் வந்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மழை நின்றிருந்தது. ஹாலுக்கு வெளியே நீளமான பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்: ஒரு ஓரத்தில் அண்ணி, மறு ஓரத்தில் அண்ணன், நடுவில் எல்லைக்கோடு மாதிரி பல்லுக்காரி. கதவுக்கு அந்தப் பக்கம் பியானோ ஆரம்பித்தது. பேக்கரிப் பெண் ஆரம்பித்தாள். பாட்டு நிதானமாக நடந்து, திரும்பி, ஏறத் தொடங்கியது. அண்ணியின் கழுத்து நரம்பு அதோடு சேர்ந்து ஏறியது. ரெண்டு படிக்கு முன்னால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் தொட்டாள். தொட்டதோடு நிற்கவில்லை, அங்கேயே ஜன்னல் திறந்து வெளியே பார்க்கிறவள் மாதிரி கொஞ்சநேரம் நின்றுவிட்டு, அவசரமில்லாமல் இறங்கி வந்தாள்.

அண்ணி மூச்சை விட்டாள். முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் அப்படியே பாதியில் நின்றது.

"நேத்து இந்தப் பியானோவைப் பாத்தது யாரு?"

"நான்தான்," என்றான் அண்ணன். கேள்வி நேரே அவனிடம் வந்ததில் எழுந்தே நின்றுவிட்டான். "ஆனா நான் எதுவும்... சத்தியமா..."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, சத்தியத்தை வீட்ல வச்சுக்கச் சொல்லு."

பல்லுக்காரி ஏற்கெனவே கைப்பையைத் திறந்திருந்தாள். சாட்சியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவள் இல்லை அவள். இரட்டைக் கால் கம்பியை எடுத்து, காலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை நகத்தால் சுரண்டினாள். நாலு வருஷத்துப் பிளாஸ்டர்; போகாததை ராவுகத்தியால் செதுக்கியெடுத்தாள். கதவு திறந்து பேக்கரிப் பெண் வெளியே வந்ததும், மூன்று பேரும் அவளைத் தாண்டி உள்ளே நுழைந்தார்கள். வாழ்த்துக்காகக் காத்து நின்ற அந்தப் பெண்ணும் பின்னாலேயே வந்தாள்.

"யாரு நீங்க? அடுத்த ஆளைக் கூப்பிடலையே?" என்றார் நடுவர்.

"ஒண்ணுமில்ல சார். குடும்ப விஷயம். ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும்," என்றாள் பல்லுக்காரி.

அண்ணி இசைக்கவையை வாங்கி முழங்காலில் தட்டி, அடிக்காம்பைப் பியானோவின் மரத்தில் வைத்தாள். மெல்லிய ஒற்றை ஸ்வரம் மரத்துக்குள் இறங்கி ஹால் முழுவதும் நிறைந்தது. இன்னொரு கையால் அந்த ஸ்வரத்துக்குரிய கட்டையைத் தொட்டாள். பல்லுக்காரி ரெண்டு பூனையையும் எதிர்பார்த்துக் காதைக் கூர்மையாக்கினாள். ஒரு பூனை கூட இல்லை. எது கவை, எது பியானோ என்று பிரிக்க முடியாதபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டது. அது தேய்ந்து அடங்குகிறவரை அண்ணி கையை எடுக்கவில்லை.

"திருப்திதானே?" என்றார் நடுவர், எதற்கென்று தெரியாமலே. பேக்கரிப் பெண்ணின் பக்கம் திரும்பி, "கடைசிப் படியை நல்லாச் சொல்லிக்கொடுத்திருக்காங்கம்மா உனக்கு," என்றார்.

அண்ணி அந்தப் பெண்ணின் காதோரத்து மாவைத் தட்டிவிட்டாள். தட்டிய கையை அங்கேயே கொஞ்சநேரம் வைத்திருந்தாள்.

வெளியே தெரு ஈரமாக மினுங்கியது. அண்ணன் ரெண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தான். முனை திரும்புகிற இடத்தில் அண்ணி நின்று, நடுவில் ஆள் வைக்காமல் அவனைப் பார்த்துக் கேட்டாள்:

"வீட்ல முட்டை இருக்கா?"

"இருக்கு," என்றான் அண்ணன், வழக்கம்போல. பிறகு திருத்திக்கொண்டான். "இல்ல. நேத்தே தீந்துபோச்சு."

"சரி, வாங்கிட்டுப் போவோம்," என்றாள் அண்ணி.